செஞ்சிக்காரர் சென்னையில் இறங்கும் இடம்

பதினாறாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் நிக்கோலாஸ் பிமெண்டா என்ற இயேசு சபைக் குரு செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலம். கோட்டையையும் கடைத்தெருவையும் சுற்றிப் பார்த்தவர், இந்தியாவில் தாங்கள் கண்ட நகரங்களில் இதுவே பெரியது, போர்ச்சுக்கல் நாட்டில்கூட லிஸ்பனை விட்டால் இதற்கு ஈடான ஊர் இல்லை என்ற கருத்தில் தம் தலைமைக்கு எழுதினார். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் தாம் புதிதாக எழுப்பிய கிருஷ்ணபட்டணத்தில் கோயில் கட்டிக்கொள்ள நாயக்கர் அவருக்கு அனுமதி கொடுத்தார். அன்றைக்குச் சென்னை என்று சொல்ல ஒரு கோட்டை கிடையாது. சாந்தோமில் போர்ச்சுக்கீசியர் இருந்தார்கள். அதற்கு வடக்கே கடலோரக் குப்பங்கள். ஆங்கிலேயர் கோட்டைக்கு இடம் பிடித்ததே 1639இல்தான்.

ஆக, நகரத்து ஊழியம் என்று ஒருவர் அன்று கிளம்பினால் அவர் போய்ச் சேர வேண்டிய இடம் செஞ்சியாக இருந்தது. பிறகு பீஜப்பூர், சிவாஜி, முகலாயர், தேசிங்கு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டை கை மாறிக்கொண்டே போனது. 1761க்குப் பிறகு அது வெறும் மலையாக நின்றது. 2011 கணக்கெடுப்பில் செஞ்சிப் பேரூராட்சியின் மக்கள்தொகை முப்பதாயிரத்துக்கும் குறைவு. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இனி கோட்டையின் ராஜகிரி மலையைப் பார்க்க வெளிநாட்டார் வருவார்கள். எங்கள் பிள்ளைகளோ எதிர்த் திசையில் திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பஸ் ஏறுகிறார்கள். இந்தப் போக்குவரத்துத்தான் என் ஊழியத்தின் கதை. செஞ்சிப் பக்கத்துக் கிராமச் சபைகளிலும் சென்னையிலும் ஆயராக இருந்தவன் என்ற முறையில், இரண்டு முனைகளையும் பார்த்ததைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

செஞ்சிக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் சிங்கவரம். நான் பிறந்தது அதன் பக்கத்து ஊரில். சிங்கவரம் மலைமேல் ரங்கநாதர் பாறையிலேயே படுத்திருக்கிறார். தனியாகச் செதுக்கிக் கொண்டுவந்து வைத்த சிலை கிடையாது, மலையைக் குடைந்தபோதே விட்டுவைத்த கல். பல்லவர் காலத்துக் குடைவரை. ராஜா தேசிங்குக்குக் குலதெய்வம் போன்றவர் என்று ஊரில் கதை சொல்வார்கள். செஞ்சியிலிருந்து அங்கே வரும் வழியில் திருநாதர்குன்று. அதன் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட செய்தி அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது. சிறுவனாக அந்தப் பாறையில் ஆடு மேய்ப்பவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து புரியாது. ஆனால் அந்த 57 நாள் கணக்கைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த நிலத்தில் கிறிஸ்தவர்களுக்குக் கல்லில் ஒன்றும் இல்லை. இருந்தது கூரை வேய்ந்த ஜெப வீடு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இவ்வளவு பெரிய நம்பிக்கைகள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கல்லாகி நிற்கும்போது, ஆண்டவரைப் பற்றிப் பேசுகிறவனுக்குக் குரலை உயர்த்தத் தோன்றாது. அடுத்தவர் சாமியைப் பழித்துப் பேசி ஆள் சேர்த்தவரை எங்கள் ஊர் மதித்ததும் இல்லை, அப்படிச் சேர்ந்தவர்கள் நிலைத்ததும் இல்லை. நல்ல உபதேசியார் என்று பேர் வாங்கியவர்கள் எல்லாரும் பாம்பு கடித்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர்கள், மனு எழுதிக் கொடுத்தவர்கள், பிள்ளைகளுக்கு அ ஆ சொல்லிக் கொடுத்தவர்கள்.

அந்த உபதேசியார் என்ற மனிதரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நகரத்துச் சபையில் வளர்ந்தவர்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வட ஆற்காடு, தென் ஆற்காடு பகுதிகளில் சபைகளை நட்டது அமெரிக்க ஆற்காட்டு மிஷன். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்துச் சேரிகளில் குடும்பம் குடும்பமாகச் சபையில் சேர்ந்தார்கள். பிறகு ஆயர் எண்ணிக்கை குறைவு, ஊர் எண்ணிக்கை அதிகம். ஆயர் சைக்கிளிலோ மாட்டுவண்டியிலோ மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மீதி நாளெல்லாம் சபை உபதேசியாருடையது. அவரே பள்ளிக்கூட வாத்தியார், அவரே பஞ்சாயத்து, அவரே தபால்காரர். கழனி வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பியபின் அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு ஜெபம் நடத்துவார். வராதவர் யார் என்று அவருக்கு இருட்டிலும் தெரியும். மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் நிற்பார். "என்னாச்சி, ராத்திரி காணலியே?" என்பார். காய்ச்சல் என்றால் கஷாயம், சண்டை என்றால் சமாதானம்.

சம்பளம் சொற்பம். வீடுதோறும் சோறு வடிக்கும்முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அந்தப் பிடியரிசிதான் காணிக்கை. அறுப்பின் பண்டிகை வந்தால் முதல் பூசணி, முதல் முட்டை, கோழி, கம்பு, வேர்க்கடலை எல்லாம் பீடத்தின் முன் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். நாலணா பெறாத எலுமிச்சம்பழத்தை ஐந்து ரூபாய்க்கு எடுப்பவர் இருப்பார். ஊரே கைதட்டும். இன்றைய சென்னைச் சபைகளிலும் அந்த ஏலம் நடக்கிறது. பூசணி மட்டும் கோயம்பேட்டிலிருந்து வாங்கி வந்தது.

அந்தக் காலத்தை நான் தங்கமாக்கிக் காட்ட விரும்பவில்லை. சேரிச் சபை சேரிக்குள்ளேயே இருந்தது. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு ஆராதனைக்கு வந்தார்கள். ஜெப வீட்டில் பாயில் உட்கார்ந்து தலை நிமிர்ந்து பாடிய அந்த ஒன்றரை மணி நேரம் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதைக் கூட இருந்து பார்த்தவர்களுக்கே தெரியும். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தீண்டாமைக்கு ஆளான இந்துவைத்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவனான தலித் இன்றும் வெளியேதான் நிற்கிறான். ஒரே தெருவில் அண்ணனுக்குச் சான்றிதழ் உண்டு, ஞானஸ்நானம் பெற்ற தம்பிக்கு இல்லை. விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தத் தம்பிகள்தான் நினைவுக்கு வருவார்கள். சலுகைக்காக மதம் மாறினான் என்று இவர்களைப் பார்த்தா சொல்வது?

எங்களுக்குப் பக்கத்துப் பட்டணம் திண்டிவனம். ஒரு மிஷன் பங்களாவின் ஒற்றை இரவு ஊழியத்தின் போக்கையே மாற்றியது அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா ஸ்கடர், ஊழியத்துக்கு வரமாட்டேன் என்ற உறுதியோடு இருந்த இளம்பெண். ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வரச்சொல்லிக் கேட்டார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். வேலூரில் 1902இல் ஷெல் ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி.யின் வேர் அந்தத் திண்டிவனம் இரவில் இருக்கிறது. சபைக்கு வெளியே இருந்து வந்து கதவைத் தட்டியவர்களால் பிறந்த ஊழியம் அது. வந்த மூவரில் ஒருவரும் சபைப் பட்டியலில் இல்லை.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று பிரிந்து கிடந்தவர்கள் ஒன்றானார்கள். எங்கள் ஆற்காட்டு மிஷன் சபைகளும் அதில் சேர்ந்தன. முதல் பேராயர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். அப்போது வயது 37. மதுரை இராமநாதபுரத்துக்குப் பேராயராகி, பின்னர் 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார். வேலூர்ப் பேராயம் 1976இல் தனியாகப் பிரியும்வரை ஆற்காட்டுச் சபைகளும் சென்னைப் பேராயருக்கு உட்பட்டவையே. அதனால் எங்கள் பக்கத்து மூத்த உபதேசியார்கள் அவரை "எங்க பிஷப்" என்றுதான் சொல்வார்கள். தமிழில் பிரசங்கம் செய்வார். பேராயராவதற்கு முன் காஞ்சிபுரத்தில் மிஷனரியாக இருந்தபோது ராமகிருஷ்ண மடத்தில் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதங்களையும் சுவிசேஷங்களையும் சேர்த்துப் படித்தவர். தம் விசுவாசத்தில் உறுதியான ஒருவரால்தான் அப்படி உட்கார முடியும் என்று நினைக்கிறேன்.

சென்னையில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிக முக்கியம். நகரத்து ஆயர்களை மாதம் ஒருமுறை ஒன்றாகக் கூட்டினார். திருவிருந்து, அதன்பின் காலைச் சாப்பாடு, பிறகு ஊழியத்தைப் பற்றி அவர் பேசுவார், கலந்து பேசுவார்கள். அந்தப் பேச்சுகள் 'தி குட் ஷெப்பர்ட்' என்ற சிறு நூலாக வந்தன. நகரத்து ஆயர் தன் சபையின் தேவைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்காரர் ஆகிவிடக்கூடாது, சபை இருக்கும் இடத்து மக்கள் எல்லாருக்காகவும் அந்தச் சபை அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அவர் பேச்சின் அடிநாதம். படிக்க எளிது. சென்னையில் ஒரு வாரம் ஊழியம் செய்துபார்த்தால் தெரியும், எவ்வளவு கடினம் என்று.

ஏன் கடினம்? கிராமத்தில் இடமும் சபையும் ஒன்று. உபதேசியார் தெருவில் நடந்தால் சபைக்குள் நடக்கிற மாதிரி. நகரத்தில் சபை ஒரு இடத்தில், சபையார் இருபது கிலோமீட்டர் சுற்றளவில். நுங்கம்பாக்கத்துக் கோயிலுக்குத் தாம்பரத்திலிருந்து காரில் வருவார்கள். கோயில் மதிலுக்கு வெளியே நடைபாதையில் தூங்குபவரை ஆயருக்கும் தெரியாது, சபையாருக்கும் தெரியாது.

பஸ் நிலையத்துக்கு வருகிறேன். செஞ்சிப் பஸ் முன்பெல்லாம் பாரிமுனைப் பக்கம் போய் நிற்கும். இறங்கினால் ஐகோர்ட்டு, கடற்கரை ரயில் நிலையம், கொத்தவால் சாவடி. நடக்கும் தூரத்தில் கோயில்கள். எஸ்பிளனேடில் ஆண்டர்சன் சபை இருக்கிறது. 1837இல் ஜான் ஆண்டர்சன் அந்தப் பக்கம் தொடங்கிய பள்ளிதான் பின்னால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. ஊரிலிருந்து ஒரு பையன் துணிப்பையோடு இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு சிலுவை கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்காருவான். பாமாலை தெரிந்த பாட்டாக இருக்கும். அதுவே பாதி வீடு.

1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002இல் பஸ் நிலையமும் அங்கே போனது. செஞ்சிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்கப் போனவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனவர்கள் எல்லாரும் அங்கே இறங்கினார்கள், பலர் அங்கேயே தங்கினார்கள். பழைய சபைகள் ஜார்ஜ் டவுனிலும் வேப்பேரியிலும் இராயப்பேட்டையிலும் இருந்த இடத்தில் இருந்தன. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தபின் இறங்கும் இடம் இன்னும் தெற்கே போய்விட்டது. ஜனம் இறங்கும் இடம் இரண்டு தடவை மாறியிருக்கிறது. நம் கோயில்கள் ஒரு தடவையும் நகரவில்லை. கல் கட்டடம் நகராது, சரி. ஆயர் நகரலாமே.

செஞ்சிப் பக்கத்துச் சபையின் குடும்பப் பதிவேட்டைப் பார்த்தால் இந்தக் கதை முழுவதும் அதில் இருக்கும். நீளக் கோடு போட்ட பெரிய நோட்டு. குடும்பத் தலைவர் பெயர், மனைவி, பிள்ளைகள், ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி. கடைசிக் கட்டம் குறிப்புக்கு. பழைய பக்கங்களில் அந்தக் கட்டத்தில் "மரித்தார்" என்றோ "திருமணமாகி இன்ன ஊர் சென்றார்" என்றோ இருக்கும். பின்னால் வரும் பக்கங்களில் பென்சிலில் ஒரே வார்த்தை, கீழே கீழே: சென்னை, சென்னை, சென்னை. சென்னையில் எங்கே, எந்தச் சபையில் என்று ஒருவருக்கும் எழுதியிருக்காது. ஆயர் மாறும்போது அடுத்த ஆயரும் அதையே பார்த்துவிட்டு மூடி வைப்பார். சபை மாறுதல் கடிதம் என்று ஒன்று நம்மிடம் உண்டு. கலியாணத்துக்குக் கேட்கிறார்கள், வேலைக்குக் கேட்கிறார்கள். ஆத்துமாவை ஒப்படைக்க யாரும் கேட்பதில்லை.

ஊரில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எம்மவன் கோயம்பேட்டுல மூட்ட தூக்கறான் ஐயா. போன் போட்டா எடுக்கமாட்றான். ஒரு எட்டு பாத்துட்டு வந்து சொல்லு ஐயா, கோயிலுக்குப் போறானா, சாப்புடறானா."

அந்த வேண்டுகோளுக்கு முழு அர்த்தம் 2020இல் எனக்குப் புரிந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு. கோயில்களைப் பூட்டினோம். நகரத்துச் சபைகள் இரண்டே வாரத்தில் யூடியூபுக்கு மாறிவிட்டன. நல்ல ஒலி, நல்ல ஒளி, பாடகர் குழு ஒவ்வொருவரும் அவரவர் வீட்டிலிருந்து பாடுவதை ஒட்டவைத்த காணொளி. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேட்டில் தொற்று பரவிச் சந்தையை மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் லாரியிலும் காய்கறி வண்டியிலும் விழுப்புரம், கடலூர், அரியலூர்ப் பக்கம் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு தொற்றும் வந்தது. விழுப்புரம் மாவட்ட எண்ணிக்கை திடீரென்று ஏறியது. ஊருக்குள் விடாமல் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். யார் யார் திரும்பி வந்தார்கள் என்று செய்தியில் பார்க்கையில்தான் இத்தனை பேர் சென்னையில் இருந்தார்கள் என்பதே பல சபைகளுக்குத் தெரிந்தது. யூடியூபில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு எங்களிடம் இருந்தது. இவர்களைப் பற்றிய கணக்கு சென்னையில் ஒருவரிடமும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து போன இளைஞன் துணிந்து ஒரு பெரிய நகரத்துச் சபைக்குள் நுழைகிறான் என்று வையுங்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு பெரியவர் அன்பாகக் கைகுலுக்கி, "சொந்த ஊர் எது தம்பி?" என்று கேட்பார். கேட்பவருக்கு அது குசலம். கேட்கப்பட்டவனுக்கு அது சாதிக் கேள்வி. செஞ்சி என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஓடும் கணக்கு அவனுக்குத் தெரியும். அடுத்த வாரம் வரமாட்டான். கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் சம்பந்தம் பேசும் இடத்திலும் சாதி பார்க்கும் சபைகள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. நகரத்தில் அது வெளிப்படையாகத் தெரியாத வடிவம் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஊர்த் தெருவுக்குத் தப்பி ஜெப வீட்டில் தலைநிமிர்ந்தவரின் பேரன், பட்டணத்துக் கோயில் வாசலில் தலைகுனிந்து போகிறான் என்றால், நாம் செய்வது எந்த ஊழியம்?

அவன் எங்கே போகிறான் என்றும் பார்த்தேன். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலும் ஆவடிப் பக்கத்திலும் வாடகைக்கு எடுத்த மாடியில், ஷட்டர் கடையில், தகரக் கொட்டகையில் நடக்கும் சுயாதீனச் சபைகளுக்குப் போகிறான். 1920களில் கொழும்பில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையிடம் இரும்புலியூரில் இருக்கிறது. அதன் ஆண்டுக் கூட்டத்துக்கு ஜனம் திரளும். சின்னச் சபைகளுக்கு அந்தத் திரளும் கிடையாது. முப்பது நாற்காலி, ஒரு கீபோர்டு. உபதேசத்தில் எனக்கும் அவர்களுக்கும் பல வித்தியாசங்கள் உண்டு. காணிக்கையைப் பற்றியும் சுகமளித்தலைப் பற்றியும் சிலர் பேசுவது எனக்கு வேதனை தருகிறது. ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பாஸ்டருக்கு முப்பது பேரின் பெயரும் தெரியும். ஒருவன் வராவிட்டால் சாயங்காலமே அவன் அறையில் போய் நிற்கிறார். ஆராதனை முடிந்து எல்லாருக்கும் சோறு. எங்கள் உபதேசியார் செய்ததை இன்று நகரத்தில் செய்துகொண்டிருப்பவர் அவர்தான். முந்நூறு வருஷக் கோயில்களை வைத்திருக்கும் நாம் அவரிடம் கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

விசுவாசமே மாறிவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. ஜெபத்துக்குக் கேட்கும் காரியங்கள் மாறியிருக்கின்றன. கிராமத்தில் மழை, மாட்டுக்கு நோய், கடன்காரன், பிரசவம். நகரத்துச் சபையின் வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் நீட் தேர்வு, விசா, வீட்டுக்கடன் தவணை, குழந்தையின்மைச் சிகிச்சை, வேலையிலிருந்து நீக்கம். ஒரு செய்தி வந்ததும் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள் விழும். காலையில் வந்த செய்தி மதியத்துக்குள் மேலே போய்விடும். அந்தக் குழுவில் இரவு இரண்டு மணிக்கு ஒரு வயதான அம்மா "தூக்கம் வரலை" என்று மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவருக்கும் பத்துக் கைகூப்பல்கள் விழுந்திருந்தன. பக்கத்துத் தெருவில் சபையார் வீடுகள் நாலைந்து இருந்தும் யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை. கிராமத்தில் தனிமை என்ற வியாதியை நான் பார்த்ததில்லை, பசியைத்தான் பார்த்தேன். நகரத்தில் பசியும் இருக்கிறது, கூடவே இதுவும்.

நியூபிகினின் பிற்கால வாழ்க்கை இதற்கு ஒரு வெளிச்சம் தருகிறது. 1974இல் ஓய்வு பெற்றவர் மனைவியோடு தரை வழியாகவே பஸ்களில் ஏறி இறங்கி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். சில ஆண்டுகள் பர்மிங்ஹாமில் ஆசிரியப் பணி. பிறகு, அந்த நகரத்தின் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், மூடிவிடலாம் என்று முடிவுக்கு வந்திருந்த ஒரு சின்னச் சபையை, எழுபது வயதுக்கு மேல் தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்டார். சிறைச்சாலைக்கு அருகே இருந்த கோயில். வீடு வீடாகப் போனபோது வெள்ளைக்காரர் வீடுகளைவிட இந்தியக் குடும்பங்களின் கதவுகள்தான் அவருக்கு எளிதாகத் திறந்தன. இந்தியாவிலிருந்து வந்தவருக்கு இங்கிலாந்தில் எது பெரிய கஷ்டம் என்று கேட்டவர்களிடம், நம்பிக்கை மறைந்துபோனதுதான் என்றார். சென்னைச் சேரிகளின் மிக மோசமான குடிசையிலும் நாளைக்கு விடியும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, வசதியான இங்கிலாந்தில் அது இல்லை என்பது அவர் கண்டது. சுவிசேஷத்தை நம்பத் தகுந்ததாக்குவது அதை நம்பி வாழும் ஒரு சபைதான் என்று 1989இல் வந்த தம் நூலில் எழுதினார். சென்னையும் வின்சன் கிரீனும் சேர்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடமாக அதை நான் படிக்கிறேன்.

அந்தச் சேரிகளில் பல இன்று இருந்த இடத்தில் இல்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 2000க்குப் பிறகு கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்குமாடியில் வைத்தார்கள். பிழைப்பு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். அவர்களோடு வளர்ந்த நகரத்துச் சபைகளில் எத்தனை அவர்கள் பின்னால் போயின என்று பார்த்தால், அங்கேயும் முன்னால் போய் நிற்பது அந்த முப்பது நாற்காலிப் பாஸ்டர்தான்.

இன்றைய சபையில் நல்லது இல்லையா என்றால், இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோயில் மண்டபங்களைத் திறந்து, எந்த மதம் என்று கேட்காமல் ஜனங்களைத் தங்கவைத்தோம். அந்த வாரம் பெஞ்சுகளை ஒதுக்கிய தரையில் குழந்தைகள் தூங்கினார்கள். பாடகர் குழுவில் இருந்த பிள்ளைகள் பால் பாக்கெட் சுமந்தார்கள். கோயில் எதற்காக அங்கே இருக்கிறது என்று யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் பெஞ்சுகள் பழைய இடத்துக்குத் திரும்பின. பெண்கள் ஆயராக அபிஷேகம் பெறுவது இன்னொரு நல்ல மாற்றம். என் சிறுவயதில் உபதேசியாரின் மனைவிதான் பெண்களின் வீடுகளுக்குப் போய்ப் பாதி ஊழியத்தைச் செய்தார். அவருக்கு ஒரு பட்டமும் இல்லை. இன்று அவர் பேத்தி பீடத்தில் நின்று திருவிருந்து பரிமாறலாம். இதற்கு ஆண்டவரைத் துதிக்கிறேன்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் வேதாகமத்தில் அவர் பெயர் கொண்ட புத்தகத்தின் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. போன நகரத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்ற கருத்து. நகரத்துப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் பகுதி. சொந்த ஃபிளாட் வாங்கியவர்களை முன்னால் உட்காரவைத்துக்கொண்டுதான் அதைப் பிரசங்கிக்கிறோம். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது ஊர்விட்டு ஊர் வந்த, கையில் ஒன்றும் இல்லாத ஜனத்துக்கு. கோயம்பேட்டிலும் பெரும்பாக்கத்திலும் இருப்பவர்கள்தான் அதைப் படிக்கக் கேட்க வேண்டியவர்கள்.

ஆகவே சென்னை ஆயர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் இது. கிளாம்பாக்கத்தைச் சுற்றி ஒரு சபை ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுக்கட்டும். புதிதாக வந்தவன் பையை வைக்கவும் ஒரு தொலைபேசி எண் வாங்கிக்கொள்ளவும் அது போதும். மூட்டை தூக்குபவருக்கும் ஓட்டலில் வேலை செய்பவருக்கும் ஞாயிறு காலை விடுமுறை கிடையாது, அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் ஒரு ஆராதனை வையுங்கள். வாசலில் நிற்கும் பெரியவர்களே, முதல் சந்திப்பில் ஊரைக் கேட்காதீர்கள். பெயரைக் கேளுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். செஞ்சிப் பக்கத்து ஆயர்களே, பதிவேட்டில் "சென்னை" என்று எழுதும் நாளிலேயே அங்குள்ள ஒரு ஆயருக்குப் போன் செய்து அந்தப் பிள்ளையின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். வாங்கிக்கொண்டவர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை என்றால் தேடிப் போங்கள்.